அரை நிமிஷம் அசையாமல்

ஆனி 2, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். எனக்காக அல்ல, வரலாற்றுக்காக. பிற்காலத்தில் யாராவது தென்காசிக்கு ரயிலேறி வந்து, "பாத்திரக்கடை குத்தாலிங்கம் ஓடுகிற தண்ணீரை எப்படிப் பாலாக மாற்றினார்?" என்று என் வீட்டு வாசலில் நின்று கேட்டால், என் மனைவி வடிவு ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டாள். "அவுகளுக்கு வேற சோலி இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

ஆவணியில் எனக்கு அறுபதாம் கல்யாணம். பெங்களூரில் இருக்கிற மகள் குழல்மொழி பத்திரிகை அடிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறாள். முகப்பில் நம் ஊர் அருவியும், அதன் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் நிற்கிற படமும் வேண்டுமாம். நான் உடனே திருத்தம் கொடுத்தேன். அம்மா மட்டும் நிற்கட்டும், அப்பா எடுக்கட்டும். சமைத்தவன் குழம்புக்குள் குதிப்பதில்லை.

"சரிப்பா. ஆனா சித்தப்பாவும் ஒண்ணு எடுக்கட்டும். ரெண்டுல அம்மாவுக்கு எது பிடிக்குதோ அதைப் போட்டுருவோம்" என்றாள்.

பெற்ற மகள்.

ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வடிவு சம்மதிக்க மாட்டாள். ஆகையால் போர்க்காலம் இந்த ஆனி மாதம் மட்டுமே.

ஆனி 3, செவ்வாய்

எதிரியை அறிமுகப்படுத்த வேண்டும்.

நெல்லைநாயகம் என் சகலை. வடிவின் தங்கை கோமுவைக் கட்டியவன். மஸ்கட்டில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ ஏதோ ஒன்றை இத்தனை காலம் குழாய்க்குள் ஓட விட்டுக்கொண்டிருந்துவிட்டு, சித்திரையில் ஊருக்கே திரும்பி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி முன்பே கட்டிவைத்திருந்த வீட்டில் குடிவந்துவிட்டான். வந்தவன் சும்மா வந்திருக்கலாம். சக்கரம் வைத்த பை ஒன்றில் கேமராவும் கொண்டுவந்திருக்கிறான். அந்தப் பையைத் திறந்தால் உள்ளே நகைக்கடை மாதிரி தனித்தனிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கண்ணாடி. ஒரு குழியில் அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பதற்கு ஒரு துணி. அந்தத் துணி என் கல்யாணப் பட்டுவேட்டியைவிட மிருதுவாக இருந்தது.

இதில் மன்னிக்க முடியாத குற்றம் என்னவென்றால், ஆள் நல்லவன். "உங்க அளவுக்கு எனக்கு வருமா அண்ணாச்சி" என்று சொல்கிறான். மனசறிந்து சொல்கிறான். இப்படிப்பட்டவனை எப்படித்தான் எதிர்ப்பது?

இன்று ஐம்பது சென்டிமீட்டர் அகல இட்லிக் கொப்பரை ஒன்று வந்து இறங்கியது. மூடி அந்த அளவுக்கு இல்லை. திருப்பி அனுப்பினேன்.

ஆனி 5, வியாழன்

விவரம் தெரியாதவர்களுக்காக என் கலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண ஆட்கள் படம் எடுக்கும்போது கேமரா கண் சிமிட்டும். என் கேமரா சிமிட்டாது. அரை நிமிஷம் கண்ணை விழித்தபடியே பார்க்கும். அந்த அரை நிமிஷத்தில் ஓடுகிற தண்ணீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, படத்தில் பாலாகிவிடும். மேகம் பஞ்சாகிவிடும். குளிக்கிற கூட்டம் ஆவியாகிவிடும். அசையாமல் நின்றது மட்டும் நின்றபடி இருக்கும். அசைந்தது எதுவாக இருந்தாலும் கரையும், மகாராஜாவே ஆனாலும் சரி.

பகலில் அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்தால் வெளிச்சம் புகுந்து படம் வெளுத்துவிடும். அதற்குக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். நெல்லைநாயகத்திடம் ஜப்பான்காரன் செய்த கண்ணாடி இருக்கிறது. என்னிடம் மாடசாமி வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த கண்ணாடி இருக்கிறது. ரப்பர் பாண்டு போட்டு இறுக்கினால் பூகம்பத்துக்கும் அசையாது. படம் சற்றுப் பச்சையாக வரும். போன வருஷம் நான் எடுத்த அருவியைப் பார்த்துக் கொத்தமல்லிச் சட்னி என்று கோமு சொன்னாள். இயற்கையே பச்சைதான் என்று நான் பதில் சொன்னேன்.

ஸ்டாண்டு காற்றில் ஆடாமல் இருக்க, அதன் நடுவில் ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவேன். கடைக் குடம். மஸ்கட்டில் இது கிடைக்காது.

ஆனி 8, ஞாயிறு

முதல் யுத்தம்.

கன்னிமார் ஓடைக்குப் போனோம். பெரிய அருவிகளில் சாரல் கூட்டம் தலைக்கு மேல் தலையாக நிற்கிறது. இந்த ஓடை என் நண்பர் ஒருவரின் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. அருவி இரண்டு ஆள் உயரம்தான். ஆனால் என் கேமராவில் பார்த்தால் நயாகரா இதனிடம் வந்து வட்டிக்கு வாங்கும்.

வடிவு அரக்குப் பட்டு உடுத்தியிருந்தாள். அருவிக்கு வலது பக்கம் இருக்கிற தட்டைப் பாறையில் அவளை நிறுத்தினேன். கழுத்துக் கொஞ்சம் மேலே, கை கொஞ்சம் கீழே, மனசு கொஞ்சம் லேசாக என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனசு லேசாகத்தான் இருக்கு, காலுதான் வழுக்குது என்றாள்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். அருவிக்கு இடது பக்கம் ஒரு நாவல் மரம். அதன் கொப்பு ஒன்று நேராகப் படத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாரல் காற்றில் அது ஆடினால் இலையெல்லாம் கரைந்து படத்தில் பாசியாகிவிடும். சாதாரண ஆள் விதியென்று விட்டுவிடுவான். நான் காற்றையே நிறுத்துகிறவன். பொத்தானை அமுக்கிவிட்டால் கேமரா கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் திறக்கும். அதற்குள் ஓடி, ஓடையைத் தாண்டி, இடது பக்கப் பாறையில் ஏறி, படத்துக்குள் வராமல் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் கொப்பை எட்டிப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிஷம். அந்தக் கொப்பு ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. இந்த உலகத்தில் என் பிடியை அறிந்த மரம் அது ஒன்றுதான்.

நெல்லைநாயகம் தன் பையையே திறக்கவில்லை. "முதல்ல நீங்க எடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கோமுவோடு இடது கரையில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

படத்தைப் பார்த்தேன். தண்ணீர் பால். கொப்பு கல்வெட்டு. வடிவுக்கு மட்டும் இரண்டு முகம்.

ஒரு முகம் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. இன்னொரு முகம், புகை மாதிரி, இடது பக்கம் திரும்பியிருக்கிறது. மறுபடி எடுத்தேன். மறுபடி இரண்டு முகம். மூன்றாவது தடவையும் அதுவே, கூடவே ஒரு கையும் தூக்கியிருக்கிறது. அசையாதே என்று நான் கொப்பில் தொங்கியபடி கத்திய கத்தலில் தோப்புக் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

ஆனி 9, திங்கள்

ராத்திரி முழுக்க யோசித்தேன். இடது பக்கம் என்ன இருந்தது? இடது கரை. இடது கரையில் யார் இருந்தார்கள்? கோமு. கோமுவை வடிவு பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. அப்படியானால் மீதி இருப்பது யார்?

நான் பொறாமைக்காரன் அல்ல. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். எதிர்த்த பாத்திரக்கடைக்காரன் மூன்று மாடி கட்டியபோதுகூடப் போய் வாழ்த்திவிட்டு, அவன் கடை மாடிப்படி வளைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள், எனக்காக அரை நிமிஷம் நேராகப் பார்த்து நிற்க முடியாமல், மஸ்கட் பக்கமாகத் திரும்புகிறாள் என்றால் அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

கடையில் இன்று ஒரு மருமகளும் மாமியாரும் வந்து ஒரே ஒரு பால் காய்ச்சும் பாத்திரத்துக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். வழக்கமாக நடுவில் புகுந்து இருவரையும் சிரிக்க வைத்து இரண்டு பாத்திரமாக விற்றுவிடுவேன். இன்று மனசில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உளுந்தங்களி. எனக்கா என்று கேட்டேன். உங்களுக்கும்தான் என்றாள். அந்த 'உம்' யாருக்கு என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. தூக்குவாளியில் ஏறி இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டது. தூக்குவாளி என் கடையில் எடுத்தது.

ஆனி 12, வியாழன்

மழை. நெல்லைநாயகம் கடைக்கு வந்து, நனையாமல் போங்க அண்ணாச்சி என்று ஒரு குடை கொடுத்துவிட்டுப் போனான். என் குடையைவிடப் பெரிய குடை. நனைந்துகொண்டே வந்தேன்.

ஆனி 15, ஞாயிறு

இன்று நடந்தது விஞ்ஞானச் சோதனை.

ஓடைக்குப் போனதுமே நெல்லைநாயகத்தைக் கூப்பிட்டு, இடது கரையில் அட்டை அதிகம், வலது கரையில் போய் உட்காருங்கள் என்றேன். ஆளும் சொன்னபடியே போய் உட்கார்ந்தான். அட்டைக்கு வலது கரைதான் சொந்த ஊர். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

என் கணக்கு இதுதான். இப்போது வடிவின் இரண்டாவது முகம் வலது பக்கம் திரும்பினால், குற்றம் நிரூபணம். திரும்பவில்லை என்றால் நான் ஒரு மகாபாவி, பழனிக்கு மொட்டை.

பொத்தானை அமுக்கினேன். ஓடினேன். பாறையில் ஏறினேன். கொப்பைப் பிடித்தேன். அப்போது அந்தப் பாறையில் சற்று உட்கார்ந்தேன். நின்றுகொண்டிருந்தவன் முன்னறிவிப்பில்லாமல் உட்கார்ந்தபடியால், விழுந்தான் என்று சில பேர் சொல்லக்கூடும். கோமு அப்படித்தான் சொன்னாள். ஆனால் கொப்பை நான் விடவில்லை. கர்ணன் கவசத்தை விட்டாலும் விடுவான், குத்தாலிங்கம் கொப்பை விடமாட்டான்.

படம்: வடிவுக்கு இன்று ஒரு முகம்கூடச் சரியாக இல்லை. ஆளே தட்டைப் பாறையிலிருந்து இடது பக்கம் வழிந்து ஓடியிருக்கிறாள். அரக்குப் பட்டு ஓடையின் குறுக்கே ஒரு கோடாகக் கிடக்கிறது.

இடது பக்கம்.

நெல்லைநாயகம் இருந்ததோ வலது பக்கம். சோதனை தோற்றுவிட்டது. மொட்டை போட வேண்டியதுதான் என்று மனம் இளகிக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணில் பட்டது. அவனுடைய கேமராப் பை. அது இடது கரையிலேயே இருந்தது. ஆளை மாற்றினேன், பையை மாற்றவில்லை.

பழனி தப்பித்தது. ஆனால் நான் தப்பவில்லை.

ஆனி 16, திங்கள்

கடைக்குப் போகவில்லை. முழங்கால் இட்லிக் கொப்பரை அளவுக்கு வீங்கியிருக்கிறது. ஐம்பது அகலம். வடிவு தைலம் போட்டுத் தேய்த்தாள். வழக்கமாக இப்படி ஏதாவது நடந்தால் வாய் ஓயாது. இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று நான் சொன்ன பிறகும் கொஞ்சம் தேய்த்தாள்.

குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

ஆனி 18, புதன்

நொண்டிக்கொண்டே கடைக்குப் போனேன். நெல்லைநாயகம் மஸ்கட் தைலம் கொண்டுவந்து கொடுத்தான். போட்டதும் வலி போய்விட்டது. ஆனாலும் நொண்டுவதை நான் நிறுத்தவில்லை.

ஆனி 22, ஞாயிறு

இன்று நான் எடுப்பதாக இல்லை என்று அறிவித்தேன். முழங்கால் காரணம். "உங்க முறை, எடுங்க" என்று பெருந்தன்மையோடு நெல்லைநாயகத்திடம் சொன்னேன். தோப்புச் சாலை ஓடைக்கு எதிர்ப்புறமாக மேட்டில் போகிறது. அங்கே காரை நிறுத்தச் சொல்லி, பின் சீட்டில் கால் நீட்டி, சன்னலை ஏற்றி விட்டுக்கொண்டு, வடிவு கட்டிக் கொடுத்த முந்திரிக்கொத்தைத் தின்றபடி உட்கார்ந்திருந்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிவது என் குற்றமல்ல.

நெல்லைநாயகம் ஓடவில்லை. ஏறவில்லை. கொப்பைப் பிடிக்கவில்லை. ஸ்டாண்டை வைத்தான், கறுப்புக் கண்ணாடியை மாட்டினான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இதற்குப் பெயர் உழைப்பா?

சாயங்காலம் கோமு அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டாள்.

எழுதித்தான் ஆக வேண்டும். வரலாறு என்று ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர் பால். பச்சை இல்லாத பால். நாவல் கொப்பு கரைந்து போயிருக்கிறது, அதை அவனால் தடுக்க முடியவில்லை. ஆனால் நடுவில் வடிவு. ஒரே வடிவு. ஒரு முகம். பட்டுச்சேலையின் கரையில் இருக்கிற மயில்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. கோவில் தூணில் வடித்துவைத்த மாதிரி, அரை நிமிஷம் முழுக்க, நேரே பார்த்து, லேசாகச் சிரித்தபடி நிற்கிறாள்.

வாட்ஸாப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். துபாயில் இருக்கிற என் தம்பி மகன், நான் எடுத்ததென்று நினைத்து, "பெரியப்பா, கடைசியில பச்சையில்லாம ஒண்ணு எடுத்துட்டீங்க" என்று எனக்கே எழுதினான்.

குழல்மொழி மட்டும் நாகரிகமாக, அம்மா என்ன சொல்றா என்று கேட்டிருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை நின்று காட்டிவிட்டாள்.

ஆனி 23, திங்கள்

ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னேன். இருந்தது.

ஆனி 24, செவ்வாய்

பொறாமை என்பது ஒரு வியாதி என்கிறார்கள். அப்படியானால் என்னை மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மருத்துவ மாணவர்களை வரிசையாக வரவழைத்துக் காட்டலாம். அந்த அளவுக்கு முற்றிவிட்டது. கடையில் ஒருவர் குத்துவிளக்குக் கேட்டார். அதைத் துடைத்துக் கொடுக்கும்போது அதில் என் முகம் தெரிந்தது. குத்துவிளக்கில் எல்லோர் முகமும் கோணலாகத்தான் தெரியும். ஆனாலும் இன்று கொஞ்சம் அதிகம்.

அந்தப் படத்தைப் போனில் திறந்து திறந்து பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு குறை இருக்கும். கொப்பைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனி 25, புதன்

கேட்டுவிட்டேன்.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துணி காயாது. காய்ந்த மாதிரி நடிக்கும். வடிவு கூடத்தில் உட்கார்ந்து என் சட்டைகளை இஸ்திரி போட்டே காய வைத்துக்கொண்டிருந்தாள். ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். படித்த செய்தியையே மூன்றாவது தடவை படித்தேன். பிறகு எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"அவனுக்கு மட்டும் அரை நிமிஷம் அசையாம நின்னியே. எனக்கு ஏன் உன்னால நிக்க முடியல?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"நீங்க அந்தப் பாறையில ஒத்தக் கையில தொங்குதிய. கீழ ஓடை. எப்ப விழுவியளோன்னு எனக்கு ஈரக்கொல நடுங்குது. நான் கேமராவைப் பாப்பனா, உங்களைப் பாப்பனா?"

நான் பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன்.

"போன வாரம் விழுந்தப்ப ஓடி வந்தேன். அதையும் படம்னு காட்டி, அசைஞ்சிட்டேன்னு ஏசுனிய."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை நீங்க கார்ல கால நீட்டி முந்திரிக்கொத்து தின்னுக்கிட்டு இருந்திய. நின்ன எடத்துல இருந்து பாத்தா நேரா நீங்கதான் தெரிஞ்சிய. அதான் நின்னேன். நீங்க கீழ சிந்துனதைப் பாத்துத்தான் சிரிச்சேன்."

மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் கண் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்று மேலே, தள்ளிப் பார்க்கிறது. மேட்டுச் சாலை பக்கம். நேற்று முழுக்கக் குறை தேடியவன் கண்ணுக்கு இது தப்பிவிட்டது.

அவள் சொன்னதில் எங்கேயோ ஒரு தர்க்கப் பிழை இருக்க வேண்டும். கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன். இன்றைக்கு, சட்டை இன்னும் ஈரமாக இருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

ஆனி 26, வியாழன்

பிழை கிடைக்கவில்லை.

ஆனி 27, வெள்ளி

குழல்மொழி போன் செய்தாள். ஞாயிறுக்குள் சொல்லாவிட்டால் சித்தப்பா படத்தையே அச்சுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள். அம்மாவிடம் கொடு என்றாள். கொடுத்தேன். வடிவு அடுப்படியில் போய்ப் பேசினாள். பேசி முடித்து வந்து, "ஞாயித்துக்கிழமை ஓடைக்குப் போறோம். நீங்களும் என் பக்கத்துல நிக்கணும். இல்லன்னா பத்திரிகையில சாமி படம் மட்டும் போதும்னு சொல்லிட்டேன்" என்றாள்.

சமைத்தவன் குழம்புக்குள் குதிப்பதில்லை என்ற தத்துவத்தை எடுத்துச் சொன்னேன். குழம்பு எப்படி இருக்கும்னு நாங்கதானே தின்னு பாத்தோம் என்றாள்.

ஆனி 29, ஞாயிறு

இறுதி யுத்தம். இதை விரிவாக எழுதுகிறேன்.

கேமரா என்னுடையது. வெல்டிங் கண்ணாடி என்னுடையது. ரப்பர் பாண்டு, ஸ்டாண்டு, பித்தளைக் குடம், குடத்துக்குள் தண்ணீர் எல்லாம் என்னுடையவை. இந்த நிபந்தனையை நான் தெளிவாக வைத்தேன். பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து நின்றுகொள்வதாகவும் சொன்னேன்.

"ஓடப்படாது" என்றாள் வடிவு.

ஓடாமல் எப்படிப் போய்ச் சேருவது? வேறு வழியில்லை. பொத்தானை அமுக்க ஒரு விரல் தேவைப்பட்டது. கோமுவின் விரலைக் கேட்டேன். கோமு தன்னுடைய விரலுக்கு எதையாவது உடைத்துத்தான் பழக்கம் என்றாள். நெல்லைநாயகம் கையைக் கட்டிக்கொண்டு, கேட்டால் வரலாம் என்று ஒதுங்கி நின்றான். ஒரு பேரரசன் பக்கத்து நாட்டு ராஜாவிடம் யானைப் படையைக் கடன் கேட்பதுபோல, அவனிடம் விரலைக் கேட்டேன்.

"பெரிய பொறுப்பு அண்ணாச்சி" என்றான். சிரிக்கவில்லை. அதுதான் எரிகிறது.

தட்டைப் பாறைக்குப் போக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளைத் தாங்குவதற்குத்தான். யார் யாரைத் தாங்கினார்கள் என்பதைப் பார்த்தவர்கள் பலவிதமாகச் சொல்வார்கள்.

போய் நின்றோம். இடது பக்கம் நாவல் கொப்பு ஆடு ஆடென்று ஆடியது. என் கை துடித்தது. நெல்லைநாயகத்துக்கும் அது தெரிந்துவிட்டது போல. "நான் போய்ப் புடிக்கட்டுமா அண்ணாச்சி? கோமு அமுக்குவா" என்றான். பேன்ட்டை மடித்துவிடவும் ஆரம்பித்துவிட்டான். மஸ்கட்டிலிருந்து வந்த பேன்ட்.

அந்தப் பாறை எனக்குத் தெரியும். அந்த முழங்காலும் எனக்குத் தெரியும்.

"வேண்டாம், ஆடிட்டுப் போட்டும்" என்றேன்.

"அசையப்படாது" என்று வடிவு எனக்குச் சொன்னாள். இந்த மாதம் முழுக்க நான் அவளுக்குச் சொன்ன வார்த்தை.

விரல் அமுக்கியது. கேமரா கண்ணைத் திறந்தது.

நான் இதுவரை கேமராவுக்குப் பின்னாலிருந்தே அரை நிமிஷத்தைப் பார்த்தவன். முன்னாலிருந்து பார்த்தால் அது வேறு சரக்கு. தண்ணீர் காதுக்குள் விழுகிறது. மூக்கில் அரிப்பு வருகிறது. வாய் தானாகப் பேசப் பார்க்கிறது. உலகத்தில் உள்ள அத்தனை வேலைகளும் அப்போதுதான் ஞாபகம் வருகின்றன. கொப்பரை மூடி வந்ததா என்று கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் என் கைக்குள் இருந்த அவள் கை மட்டும் சும்மா இருந்தது. நடுங்கவில்லை, இழுக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நிற்கிறாளா?

கேமரா கண்ணை மூடியது.

நெல்லைநாயகம் திரையைக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு எங்களை நிமிர்ந்து பார்க்காமலே, "இன்னொண்ணு எடுத்துருவோமா அண்ணாச்சி? நீங்க லேசா அசைஞ்சுட்டிய" என்றான்.

வடிவு போய்ப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இன்னொண்ணு வேண்டாம் தம்பி. இதே இருக்கட்டும்" என்றாள்.

ஆனி 30, திங்கள்

படம் அச்சுக்குப் போய்விட்டது.

வரலாற்றுக்காக அதைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். தண்ணீர் பச்சைப் பால். கொப்பு முழுக்கப் பாசி, ஓர் இலை தேறவில்லை. வடிவு ஒரே ஆளாக, ஒரே முகமாக, கால் நகம் வரைக்கும் தெளிவாக நேரே பார்த்து நிற்கிறாள். பக்கத்தில் நிற்கிற எனக்கு இரண்டு முகம். ஒன்று கேமராவைப் பார்க்கிறது. அது மங்கல். இன்னொன்று வலது பக்கமாக, அவள் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. அதுதான் கொஞ்சம் தெளிவு. அரை நிமிஷத்தில் எந்தப் பக்கம் அதிக நேரம் பார்த்திருந்தால் அந்தப் பக்கம்தான் தெளிவாக விழும். இது என் கலையின் அடிப்படை விதி. இதை நெல்லைநாயகமும் அறிவான், ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவனுடைய பெரிய குடையை மன்னித்துவிட்டேன்.

குழல்மொழி படத்துக்குக் கீழே யார் பெயரைப் போட என்று கேட்டாள். என் பெயரைப் போடு, பக்கத்தில் சின்ன எழுத்தில் விரல் உதவி நெல்லைநாயகம் என்று போடு என்றேன். ரொம்பச் சின்ன எழுத்தில்.

சாயங்காலம் கோமு வந்தாள். வாட்ஸாப்பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். "அத்தானுக்கு என்ன ரெண்டு மூஞ்சி? அந்தப் பக்கம் அப்படி என்ன பாத்திய?"

வடிவு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கொசு என்றேன். சாரல் காலத்துக் கொசு, அரை ஆள் உயரம் இருக்கும், அரக்குப் பட்டு உடுத்தியிருந்தது என்றேன்.